தேர்தல் விளம்பரத்தில் பேச நட்சத்திரமா, பக்கத்து வீட்டு முகமா?

நட்சத்திரம் வந்தால் கூட்டம் சேரும், சரி. 2011 சட்டமன்றத் தேர்தலில் திமுகவுக்காக வடிவேலு ஊர் ஊராகப் பேசினார். மக்கள் திரண்டு வந்து கேட்டார்கள். ஆனால் பேச்சு பெரும்பாலும் விஜயகாந்தையே சுற்றிச் சுற்றி வந்தது. முடிவில் விஜயகாந்தின் தேமுதிக 29 இடங்களில் வென்றது, திமுகவுக்குக் கிடைத்தது 23தான்.

விளம்பரப் படத்துக்கு நான் சாதாரண முகத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். ரேஷன் அரிசியைப் பற்றி ஒரு பாட்டி சொன்னால் நம் வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கும். ஆனால் அதுவும் நடிப்பு என்று தெரிந்துவிட்டால் நம்பிக்கை போச்சு. 2016 தேர்தலில் அதிமுக விளம்பரத்திலும் திமுக விளம்பரத்திலும் ஒரே மூதாட்டி வந்தார்; விளம்பரம் சொன்ன விஷயத்தை விட்டுவிட்டு அதைத்தான் எல்லோரும் பேசினார்கள். அந்தப் பாட்டிமேல் தவறில்லை, அது அவர் தொழில். ஆள் எடுத்தவர்கள்தான் விசாரித்திருக்க வேண்டும். திட்டத்தால் நிஜமாகவே பயன் பெற்றவரைத் தேடிப் பிடித்து, அவருடைய ஊர்ப் பேச்சிலேயே பேசவிடுங்கள். கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை.