கடைசி ஒரு மணி நேரத் தண்ணீர்: மாமரத்துக்கா, தக்காளிக்கா?

கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டைப் பக்கம் தக்காளியும் மாமரமும் உள்ள ஒரு தோட்டம், போர்வெல் நாளுக்கு மூன்று மணி நேரம்தான் இழுக்கும் என்று வையுங்கள். தக்காளிக்கு முதல் மணி நேரம் விட்டால் வாடின செடி நிமிரும். இரண்டாவதில் காய் பருக்கும். மூன்றாவதில் பாத்தி சேறாகும், அவ்வளவுதான். பெங்களூரா (கிளிமூக்கு) மாமரம் வறட்சி தாங்கும். ஆனால் பிஞ்சு பட்டாணி அளவில் இருக்கும்போது அதே ஒரு மணி நேரம் உதிர்வைக் குறைக்கும்.

'தக்காளி விலை ஏறியிருக்கு, எல்லாம் அதுக்கே' என்பது மொத்த வருமானக் கணக்கு. பார்க்க வேண்டியது இறுதிநிலைப் பயன்: அடுத்த மணி நேரம் எங்கே அதிகம் தரும்? விவசாய மின்சாரம் இலவசம்தான், தண்ணீர் இலவசமில்லை. சேற்றில் விட்ட தண்ணீருக்கு விலை, மாந்தோப்பில் உதிர்ந்து கிடக்கும் பிஞ்சு. நான் தக்காளிக்கு இரண்டு மணி நேரம், மாமரத்துக்கு ஒன்று என்பேன். மாங்காயை வாங்கும் மாங்கூழ் ஆலைக்காரர் விலையை ரொம்ப இறக்கினால், அப்புறம் வேறு கணக்கு.