3,800 ரூபாய்க்கு இரண்டு "புது" டயர்: பைக் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்திருக்கிறேன். பைக் டயர் மாற்றப் போகிறவர்கள், அதில் நாலு காசு மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போனது 3,800 ரூபாய். என் மனைவிக்கு முழங்காலில் நான்கு தையல்.

தினமும் பல்லடத்திலிருந்து திருப்பூருக்கு பைக்கில்தான் வேலைக்குப் போகிறேன். பின் டயர் மொட்டையாகிவிட்டது. முன் டயரில் இன்னும் பாதிப் பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் மேடுகள்) இருந்தது. மழை வலுப்பதற்கு முன்பு இரண்டையும் மாற்றிவிடலாம் என்று கம்பெனி டீலரிடம் விலை கேட்டேன். பின்னால் 110/80-17 அளவு, முன்னால் 90/90-17 அளவு, மாட்டும் கூலி, வால்வு எல்லாம் சேர்த்து 5,400 சொன்னார்கள். தீபாவளிச் செலவு முடிந்த நேரம். அப்போதுதான் போனில் அந்த வீடியோ வந்தது. பழைய டயர், புது டயர் இரண்டும் விற்கிற பெரிய கடை. "கம்பெனி ஸ்டாக், பாதி விலை" என்று வாரம் இரண்டு வீடியோ போடுகிறார்கள். பேரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

நான் ஏமாந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் அங்கே யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

கடை முதலாளிக்கு அறுபது வயது இருக்கும். போனவுடன் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். எந்த ஊர், என்ன வேலை, குழந்தைகள் எத்தனை என்று விசாரித்தார். அப்புறம் முன் டயரை எடுத்து என் கையில் கொடுத்து, "தடவிப் பாரு கண்ணு, ரப்பர் முள்ளு அப்படியே நிக்குது பாரு. ஒரு கிலோமீட்டர் கூட ஓடாத டயரு" என்றார். உண்மையிலேயே முள் இருந்தது. கறுப்பு பளபளவென்று இருந்தது. தயாரித்த தேதி எங்கே இருக்கும் என்று கேட்டேன். "டயர் என்ன பாலா, தயிரா, கெட்டுப் போறதுக்கு? நம்ம பையன் மாதிரி இருக்கே, உனக்குப் போய் தப்பான பொருள் கொடுப்பனா?" என்று தோளில் கை வைத்தார். அந்தக் கைதான் இப்போதும் எரிகிறது. அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

பின் டயரை அவர் என் கையில் கொடுக்கவே இல்லை. டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே கடைப் பையன் உள்ளே வைத்து மாட்டிவிட்டான். பழைய டயர் இரண்டையும் "எக்ஸ்சேஞ்ச்" என்று எடுத்துக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு, "பில்லு போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறும் கண்ணு, அதை ஏன் நீ கட்டணும்?" என்றார். டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது 2025 செப்டம்பர் 22 முதல்தான். அந்தக் குறைவு எனக்கு வரவேண்டியது. அதையே காட்டி பில்லை மறைத்தார். போனிலேயே 3,800 ரூபாய் அனுப்பினேன். 1,600 மிச்சம் என்று வீட்டில் சொன்னேன்.

பதினெட்டு நாள் ஓட்டினேன். பத்தொன்பதாம் நாள், போன சனிக்கிழமை காலை, நல்ல மழை. மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தாள். வீரபாண்டிப் பிரிவு பக்கம் முன்னால் போன ஆட்டோ நின்றது. பிரேக் பிடித்தேன். வேகம் முப்பதுகூட இருக்காது. பின் சக்கரம் அப்படியே பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. இரண்டு பேரும் விழுந்தோம். பின்னால் வந்த பனியன் கம்பெனி வேன்காரர் எங்கள் மேல் ஏற்றாமல் நிறுத்தினார். அவர் யாரென்று தெரியாது, நன்றாக இருக்கட்டும்.

ஆஸ்பத்திரி முடிந்து, பைக்கைத் தெரிந்த மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் டயரைக் கழற்றவே இல்லை. குனிந்து பார்த்ததுமே, "இதை எங்கண்ணா போட்டீங்க?" என்றார். பின் டயர் தேய்ந்துபோன பழைய டயர். சூடான கத்தியால் பட்டனை ஆழமாக வெட்டி, மேலே பாலிஷ் அடித்திருக்கிறார்கள். மழையில் பாலிஷ் போனதும் பக்கச் சுவர் முழுக்க மயிரிழை வெடிப்பு தெரிந்தது. பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்க வேண்டுமாம். டயர் அந்த மேடு வரை தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. இதில் அந்த மேட்டையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். ஓர் இடத்தில் அடி நூல் தெரிகிறது. "லாரி டயர்ல சிலதுக்கு வெட்டுறதுக்குன்னே கூடுதலா ரப்பர் வெச்சிருப்பாங்கண்ணா. பைக் டயர்ல அது கிடையாது. அடுத்த வாரம் வெடிச்சிருக்கும்" என்றார். தேதி இருக்கும் இடத்தை கிரைண்டர் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள்.

முன் டயர் ஓடாத டயர்தான், அதில் பொய்யில்லை. ஆனால் டிஸ்க் பக்கம் இருந்த நான்கு எண்கள் 3417. அதாவது 2017-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம். எட்டு வருடம் எங்கேயோ வெயிலில் தொங்கிய டயர். ரப்பர் காற்றிலும் சூட்டிலும் தானாகவே இறுகிப்போகும், ஓட வேண்டியதே இல்லை. நகத்தால் அழுத்தினால் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. இது ஈரத் தார் ரோட்டை எப்படிப் பிடிக்கும்? ரப்பர் முள் இருந்தால் அது ஓடாத டயர் என்றுதான் அர்த்தம், புது டயர் என்று அர்த்தமில்லை. இது தெரியாமல்தான் நான் 3,800 ரூபாய் கொடுத்தேன். இன்னும் நன்றாக ஓடக்கூடிய என் சொந்த முன் டயரையும் அவர்களிடமே விட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். முதலாளி இல்லை, "நாளைக்கு வாங்க" என்றான் பையன். செவ்வாய்க்கிழமை இருந்தார். டீ வரவில்லை. போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். "பையன் மாத்திப் போட்டிருப்பான், நான் பார்க்கலீங்க" என்றார். கண்ணு போய் 'ங்க' வந்துவிட்டது. என் பழைய டயரையாவது கொடுங்கள் என்றேன், அது அன்றைக்கே வித்துப்போச்சாம். பணத்தைக் கேட்டதும் குரல் மாறியது. "இது எங்க டயர்தான்னு என்ன அத்தாட்சி? பில்லு இருக்கா?" பில் வேண்டாம் என்று சொன்ன அதே வாய். பணம் அனுப்பியதைக் காட்டினேன். அது கடைக் கணக்கே இல்லையாம், வேறு யாரோ ஒருவர் பேரில் போயிருக்கிறது. மனைவிக்கு அடிபட்டதைச் சொன்னபோது, "மழையில பார்த்து ஓட்டணுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். இன்று காலை முதல் என் நம்பரையே எடுப்பதில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசி, படங்களையும் பணம் அனுப்பிய விவரத்தையும் கொடுத்திருக்கிறேன். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 3,800 ரூபாய்க்காக வழக்கா என்று அண்ணன் கேட்கிறார். ஆமாம், 3,800 ரூபாய்க்காகத்தான்.

டயர் செலவை எப்படியெல்லாம் குறைக்கலாம் என்று விவரமாக எழுதத்தான் ஆரம்பித்தேன். இப்போது முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள். நான்கு எண் தேதியை, மாட்டுவதற்கு முன்னால், உங்கள் கண்ணால் பாருங்கள். தேய்த்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். பழைய டயர் உங்களுடையது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின் டயர் மட்டும் தேய்ந்திருந்தால் பின் டயரை மட்டும் மாற்றுங்கள். எனக்கு உண்மையான மிச்சம் அதில்தான் இருந்தது.

போன மாதம் பல்லடம், திருப்பூர் பக்கக் கடைகளில் பளபளவென்று பாதி விலைக்கு டயர் போட்டவர்கள் யாராவது இருந்தால், இன்று இரவே டார்ச் அடித்துப் பள்ளத்துக்குள் அந்த மேடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கு அந்த பைக்கை எடுக்காதீர்கள், குழந்தைகளை ஏற்றாதீர்கள். வெட்டுப்பட்ட அந்த டயர் மெக்கானிக் கடையில்தான் இருக்கிறது. புகாருக்கு அத்தாட்சி வேண்டுமென்று தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.