பிரிட்டனில் மின்சார, எரிவாயு நிறுவனத்தை மாற்றுதல்: எந்தத் திட்டம் எந்த வீட்டுக்கு?

பிரிட்டனில் ஒரு வீட்டுக்கு வரும் மின்சாரமும் எரிவாயுவும், எந்த நிறுவனத்துக்குப் பணம் கட்டினாலும், அதே கம்பி வழியாகவும் அதே குழாய் வழியாகவும்தான் வருகின்றன. நிறுவனத்தை மாற்றும்போது மாறுவது பில் அனுப்புபவரும் யூனிட் விலையும் மட்டுமே. யாரும் தெருவைத் தோண்டுவதில்லை, விளக்கு ஒரு நொடிகூட அணைவதில்லை. தமிழ்நாட்டில் மின்வாரியம் என்ற ஒரே அமைப்பிடம் மின்சாரம் வாங்கிப் பழகியவர்கள் லண்டனின் ஹாரோவுக்கோ ஈஸ்ட் ஹாமுக்கோ குடிவந்த பிறகு, முன்பு குடியிருந்தவர் விட்டுச்சென்ற நிறுவனத்திலேயே, எதையும் தேர்ந்தெடுக்காதவருக்குத் தானாக விழும் அதன் இயல்பான மாறும் கட்டணத்திலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதற்கு இந்தப் பழக்கமே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு பழக்கமும் குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டில் பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் படிப்படியாக ஏறும். குறைவாகப் பயன்படுத்துபவருக்குச் சலுகை உண்டு. பிரிட்டனில் அத்தகைய படிநிலை இல்லை. முதல் யூனிட்டுக்கும் ஐயாயிரமாவது யூனிட்டுக்கும் ஒரே விலை. அதற்கு மேல், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் நாள்தோறும் விழும் நிலைக்கட்டணம், அதாவது ஸ்டாண்டிங் சார்ஜ், தனியாக உண்டு. ஆகவே சிக்கனமாக வாழும் வீட்டுக்குத்தான் இங்கே ஒரு யூனிட்டின் சராசரி அடக்கவிலை அதிகமாகிறது.

ஒப்பீட்டுக்கு அளவுகோலாக இருப்பது ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் அறிவிக்கும் விலை உச்சவரம்பு. 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றுக்குப் பொருந்தும்; வட அயர்லாந்தின் ஏற்பாடு வேறு. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது திருத்தப்படுகிறது. 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான உச்சவரம்பு 1,755 பவுண்டு என்று செய்திகளில் வந்ததும், எவ்வளவு எரித்தாலும் ஆண்டு பில் அதற்கு மேல் போகாது என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். அது தவறு. வரம்பு யூனிட் விலைக்கும் நிலைக்கட்டணத்துக்கும்தான்; மொத்த பில்லுக்கு வரம்பே கிடையாது. ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரமும் 11,500 யூனிட் எரிவாயுவும் செலவிடும் ஒரு மாதிரி வீட்டின் கணக்குதான் அந்த 1,755 (யூனிட் என்பது இங்கே இரண்டுக்குமே ஒரு கிலோவாட் மணி). அந்தக் காலாண்டில், வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளப்படும் டைரக்ட் டெபிட் மூலம் கட்டுபவருக்குச் சராசரியாக மின்சாரம் யூனிட்டுக்கு 26.35 பென்ஸ், நிலைக்கட்டணம் நாளுக்கு 53.68 பென்ஸ், எரிவாயு யூனிட்டுக்கு 6.29 பென்ஸ், நிலைக்கட்டணம் 34.03 பென்ஸ். வட்டாரத்துக்கு வட்டாரம் இவை சற்று மாறும் என்பதால், மான்செஸ்டரில் இருக்கும் உறவினரின் விலையை லண்டன் விலையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

அந்தக் காலாண்டு விலையில், இரண்டு நிலைக்கட்டணங்களையும் கூட்டினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 320 பவுண்டு. 1,800 யூனிட் மின்சாரமும் 7,500 யூனிட் எரிவாயுவும் மட்டுமே செலவிடும் சிறிய குடியிருப்பின் மொத்த பில் ஏறத்தாழ 1,266 பவுண்டு; அதில் கால்பங்கு நிலைக்கட்டணத்துக்கே போகிறது. 4,100 யூனிட் மின்சாரமும் 17,000 யூனிட் எரிவாயுவும் செலவிடும் பெரிய வீட்டின் பில் 2,470 பவுண்டு. அங்கே அதே 320 பவுண்டு எட்டில் ஒரு பங்குதான். ஒரு நிறுவனம் மின்சார யூனிட் விலையில் ஒரு பென்ஸ் குறைத்து, நாள் நிலைக்கட்டணத்தில் பத்துப் பென்ஸ் கூட்டினால் யாருக்கு ஆதாயம் என்று பாருங்கள். பத்துப் பென்ஸ் ஆண்டுக்கு 36 பவுண்டு 50 பென்ஸ். அதை ஒரு பென்ஸ் தள்ளுபடியால் ஈடுகட்ட 3,650 யூனிட் செலவிட்டாக வேண்டும். சிறிய குடியிருப்புக்கு நட்டம், பெரிய வீட்டுக்கு இலாபம். எனவே விளம்பரத்தில் பெரிதாகப் போடப்படும் யூனிட் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

மாதத் தொகையைப் பார்த்து முடிவெடுப்பது அதைவிட மோசம். "மாதம் 95 பவுண்டுதான்" என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னால், அவர் சொல்வது விலையே அல்ல. உங்கள் பயன்பாட்டைக் குறைத்து மதிப்பிட்டால் எந்த நிறுவனமும் அந்தத் தொகையைச் சொல்லலாம். மீதி பாக்கியாகச் சேர்ந்து குளிர்காலத்துக்குப் பிறகு தலையில் விழும். ஒப்பீட்டுக்குத் தேவையானது பில்லிலோ கணக்குப் பக்கத்திலோ இருக்கும் ஆண்டுப் பயன்பாடு, அதுவும் யூனிட்டில். எரிவாயு மீட்டர் கன மீட்டரில் ஓடுமானால் ஒரு கன மீட்டரை ஏறத்தாழ 11 யூனிட் என்று கொள்ளலாம். பழைய மீட்டர்கள் கன அடியில் ஓடும். அதைக் கன மீட்டராகப் பதிந்துகொண்டால் பில் பெருமளவு தவறாகிவிடும், ஆகவே மீட்டரின் முகப்பில் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

இனித் திட்டங்கள். முதல் போட்டி, உச்சவரம்போடு ஏறி இறங்கும் இயல்பான மாறும் கட்டணத்துக்கும், ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ விலையைப் பூட்டிவைக்கும் ஃபிக்ஸ்டு திட்டத்துக்கும் இடையே நடப்பது. மாறும் கட்டணத்தின் ஒரே நன்மை சுதந்திரம்: எந்த நாளும் அபராதமின்றி வெளியேறலாம். 2025இல் இந்த உச்சவரம்பு ஜனவரியில் 1,738, ஏப்ரலில் 1,849, ஜூலையில் 1,720, அக்டோபரில் 1,755 என்று ஊசலாடியது. அதில் இருந்தவருக்கு விலை இறங்கியபோது ஆறுதல், ஏறியபோது அடி.

ஃபிக்ஸ்டு திட்டத்தை எடைபோடும் முறை எளிது. மாதிரி வீட்டுக்கு உச்சவரம்பு 1,755 பவுண்டாக இருக்கும்போது 1,600 பவுண்டுக்கு ஓராண்டுத் திட்டம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்தவர் பின்னால் வருந்த வேண்டுமானால், அடுத்த ஓராண்டின் சராசரி உச்சவரம்பு ஒன்பது விழுக்காடு அளவுக்குச் சரிய வேண்டும். ஒரு காலாண்டில் ஏழு விழுக்காடு இறங்குவது நடக்காததல்ல, 2025 ஜூலையில் நடந்தது. ஆனால் ஓராண்டுச் சராசரியே அவ்வளவு இறங்க வேண்டும் என்றால், முதல் காலாண்டு பழைய விலையிலேயே கழிந்துவிடுவதால், மற்ற மூன்றும் இன்னும் ஆழமாக இறங்க வேண்டியிருக்கும். உச்சவரம்பைவிட ஐந்து விழுக்காட்டுக்கு மேல் மலிவாக ஃபிக்ஸ்டு திட்டம் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்வதே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்றது என்பது என் கணிப்பு. ஒன்றிரண்டு விழுக்காடுதான் வித்தியாசம் என்றால், அது சேமிப்பு அல்ல, நிம்மதிக்குக் கொடுக்கும் விலை.

அந்த நிம்மதியை இகழ்வதற்கில்லை. 2021 அக்டோபரில் 1,277 பவுண்டாக இருந்த உச்சவரம்பு 2022 ஏப்ரலில் 1,971ஆகவும், அதே அக்டோபரில் 3,549ஆகவும் பாய்ந்தது. மாதிரி வீட்டின் பில் 2,500 பவுண்டில் நிற்கும்படி அரசு இடைபுகுந்து மானியம் கொடுக்க வேண்டியிருந்தது. (அன்றைய மாதிரி வீட்டின் பயன்பாடு இன்றையதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கணக்கிடப்பட்டது, ஆகவே அந்த எண்களை இன்றைய எண்களோடு நேருக்கு நேர் வைக்கக் கூடாது.) 2021 கோடையில் விலையைப் பூட்டி வைத்திருந்தவர்களில், தங்கள் நிறுவனம் நொடியாமல் தப்பியவர்கள், திட்டம் முடியும்வரை பழைய விலையிலேயே கட்டினார்கள்.

ஃபிக்ஸ்டு திட்டத்தின் குறை வெளியேறும் கட்டணம். மின்சாரத்துக்கு 50, எரிவாயுவுக்கு 50 என்று மொத்தம் 100 பவுண்டு இருக்கிறது என்று கொள்வோம். மேலே சொன்ன 1,600 பவுண்டுத் திட்டத்தை எடுத்து ஆறு மாதம் கழித்து 1,450 பவுண்டுக்குப் புதிய திட்டம் வந்தால், ஆண்டுக்கு 150 பவுண்டு மிச்சம் என்று கண் விரியும். ஆனால் மீதமிருப்பது அரையாண்டு, மிச்சம் ஏறத்தாழ 75 பவுண்டு, வெளியேறக் கொடுப்பது 100. மீதமிருக்கும் அரையாண்டு குளிர்காலமாக இருந்தால் எரிவாயுச் செலவு பெரும்பாலும் அதற்குள்தான் விழும், கணக்கு மாறலாம். திட்டம் முடிவதற்கு முந்தைய 49 நாட்களில் எந்த நிறுவனமும் வெளியேறும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. அந்த 49ஆம் நாளை நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். குறித்து வைக்காதவரைத்தான் திட்டம் முடிந்த மறுநாள் நிறுவனம் மாறும் கட்டணத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வெளியேறும் கட்டணமே இல்லாத ஃபிக்ஸ்டு திட்டங்களும் அவ்வப்போது வருவதுண்டு. இருபது பவுண்டு கூடுதலானாலும் அவற்றை நான் உயர்வாகவே மதிப்பேன்.

உச்சவரம்பைவிட இவ்வளவு குறைவு என்று உறுதியளித்து அதனோடு சேர்ந்தே நகரும் திட்டங்களையும் சில நிறுவனங்கள் விற்கின்றன. மாறும் கட்டணத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பவருக்கு இது அதைவிட மேல். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நேரத்துக்கு ஏற்ப விலை மாறும் திட்டங்கள் வேறு வகை. ஆக்டோபஸ் எனர்ஜி நிறுவனத்தின் அஜைல் திட்டத்தில் மின்சார விலை அரைமணிக்கு ஒருமுறை மொத்தச் சந்தையைப் பின்பற்றி மாறும். மறுநாள் விலைகள் முந்தின நாள் பிற்பகலில் வெளியாகும். காற்று பலமாக வீசும் இரவில் விலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கி, மின்சாரம் செலவிட்டதற்கு நமக்கே பணம் வரவாகும் நேரமும் உண்டு; சந்தை கொதிக்கும் மாலையில் யூனிட்டுக்கு ஒரு பவுண்டு வரை போகவும் இடமுண்டு. விலை அதிகமாக இருப்பது வழக்கமாக மாலை நான்கு முதல் ஏழு மணி வரை. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்து, மின் அடுப்பில் சோறும் குழம்பும் கொதித்து, ஓவனும் ஓடும் வீட்டில் அந்த மூன்று மணி நேரத்தைத் தவிர்ப்பது நடக்கிற காரியமா என்பதை வீட்டில் சமைப்பவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும். எரிவாயு அடுப்பு உள்ள வீட்டுக்கு இந்தச் சிக்கல் பாதி குறையும். மலிவான நேரத்து மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மின்கலத்தை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு அஜைல் நன்றாகவே பொருந்தும்.

மின்கார் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்: இரவில் சில மணி நேரம் மிகக் குறைந்த விலை தரும் திட்டத்துக்கு மாறுவதே அந்த வீட்டின் மிகப் பெரிய சேமிப்பு. ஏழு கிலோவாட் சார்ஜர் ஐந்து மணி நேரத்தில் 35 யூனிட் ஏற்றிவிடும். கார் இல்லாமல், இரவில் வெப்பத்தைச் சேமித்துப் பகலில் வெளிவிடும் பழைய ஹீட்டர்களுக்காக, இரவில் ஏழு மணி நேரம் மலிவு விலை தரும் எகானமி 7 மீட்டரை வைத்திருப்பவர்கள் நிலை வேறு. மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடாவது இரவு நேரத்தில் செலவானால்தான் அது இலாபம். அந்த ஹீட்டர்களைக் கழற்றிவிட்டு மீட்டரை மட்டும் அப்படியே விட்டுவைத்த வீடுகளில், பகல் யூனிட்டுக்குக் கூடுதல் விலை கொடுத்து ஏமாறுகிறார்கள். அஜைல், மின்கார் திட்டங்கள் போன்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, அளவைத் தானே அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் கட்டாயம்.

மின்சாரமும் எரிவாயுவும் ஒரே நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மின்சாரத்தை இரவுத் திட்டத்திலும் எரிவாயுவை வேறு நிறுவனத்தின் ஃபிக்ஸ்டு திட்டத்திலும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு பில் வருவதுதான் தொல்லை. ஆனால் இரண்டுக்கும் சேர்த்து மட்டும் விற்கப்படும் திட்டங்களும் உள்ளன, படித்துப் பார்க்க வேண்டும்.

நிறுவனத்தின் பெயர் எவ்வளவு முக்கியம்? 2021 நடுப்பகுதி முதல் அடுத்த ஓராண்டுக்குள் முப்பது நிறுவனங்கள் அளவுக்குக் கவிழ்ந்தன; 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைக் கொண்டிருந்த பல்ப் நிறுவனமே சிறப்பு நிர்வாகத்தின் கீழ் போய்ப் பின்னர் ஆக்டோபஸிடம் சேர்ந்தது. ஆனாலும் யார் வீட்டிலும் மின்சாரம் நிற்கவில்லை. ஆஃப்ஜெம் வேறொரு நிறுவனத்தை நியமிக்கும். கணக்கில் முன்பணமாக இருந்த தொகையும் காக்கப்படும். இழப்பது பூட்டிவைத்த விலையைத்தான். ஆகவே சிறிய நிறுவனம் என்று அஞ்சத் தேவையில்லை. விலை ஒன்றாக இருந்தால் மட்டும், தொலைபேசியை எடுத்துப் பேசும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் குளிர்காலத்தில் கிடைக்கும் 150 பவுண்டு வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் பெறுபவர்கள், புதிய நிறுவனம் அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே மாற வேண்டும்.

பணம் கட்டும் முறையும் விலையே. பில் வந்த பிறகு கட்டுபவருக்கு டைரக்ட் டெபிட்டைவிடக் கூடுதல் விலை விழும். நிறுவனத்தை மாற்றாமலே இந்த ஒன்றை மாற்றிச் சேமிக்கலாம். முன்கட்டண மீட்டர் வைத்திருப்பவர்கள், எரிபொருள் ஒன்றுக்கு 500 பவுண்டு வரை கடன் இருந்தாலும் அந்தக் கடனைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துக்கொண்டு மாறலாம். மற்றவர்களுக்கு 28 நாட்களுக்கு மேற்பட்ட பாக்கி இருந்தால் பழைய நிறுவனம் மறுக்க முடியும்.

வாடகைக்கு இருப்பவர், பில் தம் பெயரில் நேரடியாக வருமானால், தாமே நிறுவனத்தை மாற்றலாம். வாடகையோடு பில்லும் சேர்ந்திருந்தால் முடியாது. கட்டடம் முழுவதற்கும் ஒரே கொதிகலனிலிருந்து வெந்நீர் வரும் புதிய அடுக்குமாடிகளில் வெப்பத்துக்கான நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. அங்கே மின்சாரத்தை மட்டும் மாற்றலாம்.

விலைகளைத் தேட ஒன்றுக்கு இரண்டு ஒப்பீட்டுத் தளங்களைப் பார்ப்பது நல்லது. தரகு தரும் திட்டங்களை மட்டும் முதலில் காட்டுவது அவற்றில் பலவற்றின் வழக்கம். முழுச் சந்தையையும் காட்டு என்ற தெரிவை அழுத்திப் பாருங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் அதே விலை இருக்கிறதா என்று சரிபாருங்கள். கையெழுத்திட்ட பின்னும் மனம் மாற 14 நாட்கள் உண்டு. மாற்றம் பொதுவாக ஐந்து வேலைநாட்களில் முடியும். மாறும் நாளில் இரண்டு மீட்டர்களையும் படம் எடுத்து, அதே அளவைப் பழைய நிறுவனத்துக்கும் புதியதற்கும் அனுப்புங்கள். இறுதி பில் ஆறு வாரத்துக்குள் வர வேண்டும், மீதிப் பணம் அதன் பிறகு பத்து வேலைநாட்களுக்குள் திரும்ப வேண்டும். தாமதித்தால் இழப்பீடு கேட்க உரிமை உண்டு, முறையிட்டு எட்டு வாரமாகியும் தீராவிட்டால் புகார்களைத் தீர்த்துவைக்கும் எனர்ஜி ஓம்புட்ஸ்மன் அமைப்பிடம் கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம்.