காப்பரிலிருந்து ஃபைபருக்கு: வீட்டுப் போனை மாற்றி நாலு மழைக்காலம்

எங்கள் வீட்டுக்கு லேண்ட்லைன் வந்தது 1989-இல். அப்பா பணம் கட்டிவிட்டு ஆறு வருஷம் காத்திருந்து வாங்கிய இணைப்பு. சென்னை மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவுக்கே அது மூன்றாவது போன். 2021 ஆகஸ்டில் அதே எண்ணை வைத்துக்கொண்டு காப்பர் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறினோம். போன் கருவி பழையதுதான், ஆனால் பேச்சு இப்போது இன்டர்நெட் வழியாகப் போகிறது. மாறின புதிதில் எழுதியிருந்தால் யோசிக்காமல் மாறுங்கள் என்று எழுதியிருப்பேன். நாலு மழைக்காலம் பார்த்த பிறகும் மாறுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் கரண்ட் விஷயத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதை இரண்டு நாள் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மாறியதற்குக் காரணம் மழைதான். ஐப்பசி பிறந்தால் தெருமுனைப் பில்லர் பெட்டியிலோ மண்ணுக்கடியில் இருக்கும் ஜாயின்டிலோ தண்ணீர் இறங்கும், லைனில் கரகரவென்று சத்தம் வரும், நாலு நாளில் டெட்டாகிவிடும். லைன்மேன் வந்து வேறு ஜோடிக் கம்பிக்கு மாற்றிக் கொடுப்பார். அடுத்த மழையில் அதுவும் போகும். 2020-இல் பையனுக்கு ஆன்லைன் வகுப்பு தொடங்கியதும் அந்தக் கம்பியில் வந்த பிராட்பேண்டும் தாங்கவில்லை. கடைசியில் லைன்மேனே சொன்னார்: “சார், இந்த கேபிளை இனிமே மாத்த மாட்டாங்க. நல்ல ஜோடியே மிச்சமில்லை. ஃபைபர் போட்டுக்குங்க.” இருபது வருஷமாக எங்கள் லைனைப் பார்த்தவர் சொன்னதால் உடனே விண்ணப்பித்தேன்.

எண்ணைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். செல்போனில் எண் மாறாமல் நிறுவனம் மாறுகிறோமே, லேண்ட்லைனுக்கு இந்தியாவில் அந்த வசதி கிடையாது. பழைய எண் வேண்டுமென்றால் பழைய நிறுவனத்தின் ஃபைபருக்குத்தான் போக வேண்டும். எங்களுக்கு எண்தான் முக்கியம். கேஸ் ஏஜென்சி, வங்கி, அப்பாவின் சிநேகிதர்கள் எல்லாரிடமும் அந்த எண்தான் இருக்கிறது. அவர்களில் இரண்டு பேர் எண்பதைத் தாண்டியவர்கள். புது எண் சொன்னால் எழுதிக்கொள்வார்கள், ஆனால் கை பழைய எண்ணைத்தான் அழுத்தும்.

இணைப்பு கொடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. மொட்டை மாடி வழியாக ஒல்லியான கறுப்பு ஒயரை இழுத்து வந்து, உள்ளே இருக்கும் கண்ணாடி இழையைப் பற்றவைத்து, ஃபைபரில் வரும் ஒளியைப் போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் மாற்றித் தரும் ஓஎன்டி என்கிற வெள்ளைப் பெட்டியில் செருகினார்கள். பெட்டியின் பின்னால் ‘போன்’ என்று ஒரு துளை. பழைய கருவியின் ஒயரை அதில் செருகினால் டயல் டோன் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் ஹால், சமையலறை, அம்மாவின் அறை என்று மூன்று இடத்தில் போன் உண்டு. சுவருக்குள் ஓடும் பழைய ஒயரையே ஓஎன்டியோடு இணைத்தால் மூன்றும் அடிக்கும். ஆனால் அதற்கு முன் வெளியிலிருந்து வரும் காப்பர் கம்பியை வீட்டு ஒயரிங்கிலிருந்து கட்டாயம் துண்டித்துவிட வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்தக் கம்பியில் 48 வோல்ட் வந்துகொண்டே இருக்கும், மணி அடிக்கும்போது இன்னும் அதிகம். இரண்டும் சேர்ந்தால் புதுப் பெட்டி பாழாகிவிடும். இணைப்பு கொடுக்க வந்த பையனுக்கு இது தெரிந்திருந்தது. உங்களுக்கு வருபவருக்குத் தெரியாமல் போனால் நீங்கள் சொல்லுங்கள்.

குரல் அருமையாக இருக்கிறது. ஒரு அழைப்புக்குப் போகும் பேச்சு, வரும் பேச்சு ஒவ்வொன்றுக்கும் நொடிக்குக் கிட்டத்தட்ட 90 கிலோபிட்தான் செலவாகிறது. வீட்டில் ஒருவர் படம் பார்த்துக்கொண்டிருந்தாலும் பேச்சு தடுமாறுவதில்லை. ஆனால் அம்மாவுக்கு முதல் மாதம் பிடிக்கவே இல்லை. பேசிக்கொண்டே இருப்பாள், எதிர்முனையில் பெரியம்மா மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினால், “அக்கா? அக்கா? என்னடா இது, லைன் செத்துப் போச்சு” என்று என்னிடம் ரிசீவரை நீட்டுவாள். வாங்கிக் கேட்டால் பெரியம்மா லைனில்தான் இருப்பாள். காப்பர் லைனில் யாரும் பேசாதபோதும் பின்னால் ஒரு மெல்லிய இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். எதிர்முனையில் ஆள் இருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம் என்று முப்பது வருஷமாகப் பழகிய காது அது. புது முறையிலோ பேச்சு நின்ற இடத்தில் எதையுமே அனுப்பாமல் மிச்சம் பிடிக்கிறார்கள். பெட்டியின் செட்டிங்கில் அந்த மிச்சம் பிடிக்கும் வசதியை அணைக்கச் சொல்லி நாலு தடவை கேட்ட பிறகு ஒரு டெக்னீஷியன் வந்து அணைத்தார். அன்றிலிருந்து அம்மா அந்தப் புகாரைச் சொல்லவில்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை முதல் நாளே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

எண்ணை அழுத்தியதும் மணி போகாமல் மூன்று நாலு நொடி மௌனம் வருவது இன்னொரு மாற்றம். இன்னும் எண் வருமோ என்று பெட்டி காத்திருக்கிறது. கடைசியில் ஹாஷ் பொத்தானை அழுத்தினால் உடனே போகும். செல்போனுக்கு அடிக்கும்போது முன்னால் பூஜ்யம் போடும் விதி 2021 ஜனவரி 15 முதல் எல்லா லேண்ட்லைனுக்கும் உண்டு, அதை ஃபைபரின் குறையாக நினைத்துவிடாதீர்கள். கேஸ் புக்கிங்கில் ‘ஒன்றை அழுத்தவும்’ என்றால் எவ்வளவு அழுத்தினாலும் அது ஏற்காமல் இருந்தது, அதையும் பெட்டியின் செட்டிங்கில் மாற்றிய பிறகுதான் சரியானது.

அப்பாவின் சுழற்றும் போன் மட்டும் தோற்றுவிட்டது. கறுப்பு நிறம், கையில் எடுத்தால் கனமாக இருக்கும். துளையில் விரல் விட்டுச் சுழற்றிவிட்டால் டக்டக்டக் என்று எண்ணிக்கொண்டே திரும்பும். அந்த டக்டக்கைத்தான் பழைய எக்ஸ்சேஞ்ச் எண்ணாகப் படித்தது. எங்கள் ஓஎன்டிக்கு அந்தப் பாஷை தெரியவில்லை. அழைப்பு வந்தால் மணி அடிக்கிறது, எடுத்துப் பேசலாம், இங்கிருந்து யாரையும் கூப்பிட முடியாது. அப்பா போன பிறகும் ஹாலில் அது இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. அவர் சிநேகிதர்கள் கூப்பிட்டால் அம்மா அதில்தான் எடுக்கிறாள்.

இனி கரண்ட்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. ஆனால் லேண்ட்லைனில் டயல் டோன் இருந்தது. கார்ட்லெஸ் வேலை செய்யவில்லை, அதற்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். அப்பாவின் கறுப்புப் போன் வேலை செய்தது, ஏனென்றால் அதற்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து கம்பி வழியாகவே வந்தது. தெருவில் யார் யாரோ ஈரக் காலோடு வந்து ஹாலில் நின்று ஊருக்குப் பேசினார்கள். “நல்லாருக்கோம், பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெயர் தெரியாத ஒரு பெண் பேசி முடித்து ரிசீவரை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது.

எட்டு வருஷம் கழித்து, 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. காலையில் பாதுகாப்புக்காகக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஓஎன்டிக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வைத்திருந்தேன். நாலு மணி நேரம் தாங்கும் என்று அதன் அட்டையில் போட்டிருந்தது. இரண்டு மணி நாற்பது நிமிஷத்தில் பெட்டியின் விளக்குகள் அணைந்தன. மதியத்துக்குள் செல்போன் சிக்னலும் போய்விட்டது. அம்மா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பாள், வைப்பாள், கால் மணி கழித்து மறுபடி எடுப்பாள். திருச்சியில் அக்கா எங்கள் எண்ணுக்கு அடித்து அடித்துப் பார்த்திருக்கிறாள். ‘தொடர்பு கொள்ள இயலவில்லை’ என்ற குரலை இரண்டு ராத்திரி கேட்டாள். 6-ஆம் தேதி காலை கரண்ட் வந்து, பெட்டி பச்சை விளக்கு காட்டி, முதல் மணி அடித்தபோது அது அக்காதான். அம்மா எடுத்ததும் இரண்டு பேராலும் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

பிறகுதான் தெரிந்தது, அந்த இரண்டு நாளும் எதிர் வீட்டு ஃபைபர் போன் வேலை செய்துகொண்டிருந்தது! அவர்களுக்கும் அதே லைன்தான். அவர்கள் ஓஎன்டியை வீட்டு இன்வெர்ட்டரில் போட்டு, ஃபேன் லைட்டை எல்லாம் அணைத்து வைத்திருந்தார்கள். எக்ஸ்சேஞ்சுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒளியைப் பிரித்துத் தரும் பெட்டி மட்டும்தான் இருக்கிறது, அதற்குக் கரண்டே வேண்டாம். எக்ஸ்சேஞ்சிலும் உங்கள் வீட்டிலும் மின்சாரம் இருந்தால் போதும், நடுவில் தெருவே இருட்டாக இருந்தாலும் போன் பேசும். முன்பு இரண்டு முனைக்குமான மின்சாரத்தையும் எக்ஸ்சேஞ்சே பார்த்துக்கொண்டது. இப்போது நம் முனை நம் பொறுப்பு. இதை இணைப்புக் கொடுக்கும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. விளம்பரத் தாளில் வேகம் இருந்தது, படச் செயலிகள் இருந்தன, இது இல்லை.

கணக்கு எளிது. எங்கள் ஓஎன்டி இழுப்பது சுமார் 10 வாட். மினி யுபிஎஸ்ஸில் இருக்கும் சின்ன பேட்டரிக்கு அது மூன்று மணி நேர வேலை. 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) இன்வெர்ட்டர் பேட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கிறது. இன்வெர்ட்டர் தனக்கே கொஞ்சம் தின்னும், அதைக் கழித்தாலும் மற்றதை அணைத்து வைத்தால் ஒரு முழு நாள் நிச்சயம். 2024 ஜனவரியில் ஓஎன்டி இருக்கும் பிளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிட்டேன். மினி யுபிஎஸ்ஸையும் எடுக்கவில்லை, நடுவில் அதுவும் இருக்கிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் அந்தக் கணத்தில் பெட்டி அணைந்து எழுந்தால் பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு அறுந்துவிடும், போன் திரும்பி வர மூன்று நிமிஷம் ஆகும். சென்ற வருஷம் டிரான்ஸ்ஃபார்மர் போய்ப் பதினோரு மணி நேரம் கரண்ட் இல்லாத நாளில் எங்கள் போன் ஒரு தடவைகூட அணையவில்லை. மினி யுபிஎஸ் பேட்டரி இரண்டு வருஷத்தில் வீக்காகிவிடுகிறது, மாற்ற வேண்டும்.

பழுது குறைந்துவிட்டது. நாலு வருஷத்தில் மூன்று தடவைதான் போனது. ஒரு தடவை லாரி ஒயரை இழுத்துப் போனது, இரண்டு தடவை அணில் கடித்தது. எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் வெளியே ஒயர் போயிருக்கிறது என்று அர்த்தம், புகாரில் அதைச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும். மாதம் 499 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 588 ரூபாய் 82 காசு. இன்டர்நெட், இந்தியா முழுக்கப் பேச்சு எல்லாம் இதில் அடக்கம். முன்பு போனுக்கும் அந்த ஆமை வேக இன்டர்நெட்டுக்கும் எழுநூறுக்கு மேல் கட்டினேன்.

வீட்டு எண்ணைச் செயலி மூலம் செல்போனிலும் எடுக்கலாம். அம்மா திருச்சிக்குப் போனால் மாம்பலத்து எண்ணுக்கு வரும் அழைப்பு அங்கே அவள் கையில் அடிக்கிறது. 108, 112 மட்டும் அந்தச் செயலி வழியாக வேண்டாம், சாதாரண செல் அழைப்பில் போங்கள் என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சென்னை எண்ணிலிருந்து போகும் அழைப்பில் இடம் குழம்பினால் அந்த நேரத்தில் நிமிஷங்கள் போய்விடும்.

மாடி வீட்டு மாமி தனியாக இருக்கிறார், எழுபத்தாறு வயது, இன்வெர்ட்டர் கிடையாது. என் வீட்டைப் பார்த்துத் தானும் ஃபைபருக்கு மாறுகிறேன் என்றார். கரகரப்போடாவது காப்பர் லைன் கொஞ்ச நாள் இருக்கட்டும், முதலில் இன்வெர்ட்டர் வாங்குங்கள் மாமி என்றேன். அவர் மகன் பெங்களூரிலிருந்து பணம் அனுப்பி, இந்த மார்ச்சில் இன்வெர்ட்டர் வந்தது, அடுத்த வாரம் ஃபைபர் வந்தது. டெக்னீஷியன் கிளம்புமுன் அவரை நிற்கச் சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். மாமி தன் போனில் எங்கள் எண்ணை அழுத்தினார். கீழே அப்பாவின் கறுப்புப் போன் அடித்தது, அம்மா எடுத்தாள். கரண்ட் இல்லாமலே இரண்டு பேரும் பத்து நிமிஷம் பேசினார்கள். அதற்குப் பிறகுதான் மெயினைப் போட்டேன்.