பேதி பிடித்த நாய்க்குட்டிக்கு எது சரி: தயிர்சாதமா, மெடிக்கல் தீவனமா, கோழிச்சாதமா?

நாலு மாதக் குட்டிக்குப் பேதி பிடித்து, தட்டை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் வீட்டில் ஆளுக்கொரு யோசனை வரும். பெரியவர்கள் தயிர்சாதம் என்பார்கள். டாக்டர் வயிற்றுக்கென்றே விற்கிற தீவனத்தை எழுதித் தருவார். நாய் வளர்ப்பவர்கள் கோழிச்சாதம் என்பார்கள். எங்கள் லாப்ரடார் குட்டிக்கு மூன்றையும் கொடுத்துப் பார்த்தோம். நான் கோழிச்சாதத்தின் பக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேதியோடு வாந்தி, மலத்தில் ரத்தம், சுருண்டு படுத்தே கிடப்பது என்று எது இருந்தாலும் சாப்பாட்டு யோசனையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். 6 வாரம் முதல் 6 மாதம் வரையிலான குட்டிகளைத்தான் உயிருக்கே ஆபத்தான பார்வோ என்ற வைரஸ் நோய் அதிகம் தாக்கும். தடுப்பூசி முழுதாக முடியாத குட்டி என்றால் ஒருநாள்கூடப் பொறுக்க வேண்டாம்.

தயிர்சாதத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாலைவிடத் தயிரில் லாக்டோஸ் என்ற பால்சர்க்கரை குறைவு, அதனால் சில குட்டிகளுக்கு ஒத்துக்கொள்கிறது. சிலவற்றுக்குப் பேதி கூடிவிடுகிறது. வளரும் குட்டிக்கு அதிலுள்ள புரதமும் போதாது. பால் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மெடிக்கல் தீவனத்தில் குறை சொல்ல முடியாது. எளிதில் செரிக்கும். குட்டிகளுக்கென்றே உள்ள வகையாகக் கேட்டு வாங்கினால் கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் அளவாக இருக்கும். விலைதான் கொஞ்சம் கடிக்கும். ஆனால் எங்கள் குட்டி அந்த உருண்டைகளை வாயில் எடுத்து, தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். வெந்நீரில் ஊறவைத்தும் அதே கதைதான். டின்னில் வருவது வாசனை தூக்கலாக இருக்கும் என்கிறார்கள், நாங்கள் வாங்கிப் பார்க்கவில்லை.

பசியே இல்லாத குட்டிக்கு, எது சத்தானது என்பதைவிட எது உள்ளே போகும் என்பதுதான் முக்கியம். கோழிச்சாதம் ஜெயிப்பது இந்த இடத்தில்தான். தோல், எலும்பு நீக்கிய நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். உப்பு, மசாலா கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும், அவற்றை அடுப்புப் பக்கமே கொண்டுவராதீர்கள். வெந்த கறியை நார்நாராகப் பிய்த்து, ஒரு பங்கு கறிக்கு இரண்டு பங்கு குழைந்த சாதம் என்று பிசையுங்கள். வேகவைத்த தண்ணீரை ஆறவைத்தால் கொழுப்பு மேலே படியும். அதை வழித்தெடுத்துவிட்டு, மறுபடி வெதுவெதுப்பாக்கி மேலே ஊற்றுங்கள். அந்தச் சூட்டில் எழும் வாசனைக்குத்தான் குட்டி தலையைத் தூக்குகிறது. அப்போதும் தட்டுக்கு வரவில்லையா, விரலில் தொட்டு உதட்டோரம் தடவுங்கள். நக்க ஆரம்பித்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

கறி வெந்த அந்தத் தண்ணீரை ஊற்றுவதால் நீரும் உள்ளே போகிறது, பேதியில் அதுதான் பெரிய விஷயம். ஈறைத் தொட்டால் வழவழப்பாக இருக்க வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் உடம்பில் நீர் வற்றுகிறது, டாக்டரிடம் போக வேண்டிய நேரம்.

ஒரே வேளையில் வயிறு முட்டக் கொடுக்காமல், நாளுக்கு ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒருநாள் பட்டினி போடு என்பது பழைய பழக்கம். சின்னக் குட்டிக்குச் சர்க்கரை இறங்கி மயக்கமே வந்துவிடலாம். நமக்கு வாங்கிய பேதி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் உடைத்துக் கொடுப்பதும் ஆபத்து.

கோழிச்சாதத்தின் குறையையும் சொல்ல வேண்டும். அதில் கால்சியம் மிகக் குறைவு. எலும்பு வளரும் வயதில் மூன்று நான்கு நாளுக்கு மேல் அதையே ஓட்டக் கூடாது. மலம் கெட்டிப்பட்டதும், வழக்கமான தீவனத்தைக் கால்பங்கு, அரைப்பங்கு என்று கலந்து ஒரு வாரத்துக்குள் பழையபடி மாற்றிவிடலாம். அப்படி மாறும்போது திரும்பத் திரும்பப் பேதி வந்தால் சாப்பாட்டை மாற்றிக்கொண்டே இருக்காமல் மலப் பரிசோதனை செய்யுங்கள். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி இருந்தால் எல்லாப் பூச்சி மருந்துக்கும் அது போகாது. கோழியே ஒத்துக்கொள்ளாத குட்டிகளும் உண்டு. அவற்றுக்கு டாக்டர் எழுதித் தரும் தீவனம்தான் என் முதல் தேர்வாக இருக்கும்.