அக்குபங்சர் கிளினிக்குக்கு இன்சூரன்ஸ்: கோத்தகிரியிலிருந்து ஓர் அனுபவம்

கோத்தகிரியில் மாடியில் ஓர் அறை, இரண்டு கட்டில், ஒரு ஹீட்டர். இதற்கு எதற்கு இன்சூரன்ஸ் என்று பத்து வருடம் ஓட்டிவிட்டேன். போன ஐப்பசி மழையில் நனைந்த படியில் வழுக்கி ஓர் அம்மாவுக்கு மணிக்கட்டு பிசகியது. நல்ல மனுஷி, ஒன்றும் சொல்லவில்லை. அவர் மகன்தான், "இதுக்கெல்லாம் யாருங்க பொறுப்பு?" என்றார். மறுநாளே ஏஜென்டைக் கூப்பிட்டேன்.

முதலில் வந்தவர் "டாக்டர் பாலிசி சார், எல்லாம் கவர் ஆகும்" என்றார். படிவத்தில் அலோபதி, பல் மருத்துவம் எல்லாம் இருந்தன, அக்குபங்சர் மட்டும் இல்லை. "மற்றவைன்னு போட்டுக்கலாம் சார்." சரி, அந்த 'மற்றவை'க்குள் நானும் உண்டு என்று கம்பெனி எழுதித் தரட்டும் என்று மெயில் அனுப்பினேன். மூன்று வாரம் ஆகியும் பதில் இல்லை. மத்திய அரசு 2019-லேயே அக்குபங்சரைத் தனி முறையாக அங்கீகரித்துவிட்டது என்றால், "அப்படியா சார்?" என்கிறார்.

கடைசியில் கோவை புரோக்கர் ஒருவர் மூலம் எடுத்தேன். நான் கேட்டபடி ஊசி, மோக்ஸா (மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டுவது), கப்பிங் (தோலில் கிண்ணம் வைத்து உறிஞ்சுவது) என்று தனித்தனியாக எழுதி வாங்கித் தந்தார். விலா இடுக்கில் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரும், மோக்ஸாவில் தோல் சுடும். இதெல்லாம் நடக்கக்கூடியதுதான், 'மற்றவை'யை நம்பி இருக்க முடியாது.

அவர் சொல்லித்தான் இன்னொன்று தெரிந்தது. சிகிச்சையில் தவறு நேர்ந்து புகார் வந்தால் கைகொடுக்கும் இந்தத் தொழில்முறைப் பொறுப்பு பாலிசியில், ஊசி வைத்த நாளில் பாலிசி இருந்தால் போதாது. புகார் வரும் நாளிலும் நடப்பில் இருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு. நடுவில் ஒரு வருடம் கட்டாமல் விட்டால் முன்பு கட்டியதும் வீண். நான் பாலிசி இல்லாமல் ஓட்டிய பத்து வருடத்துக்கோ கவரே கிடையாது.

என்னைக் கிளப்பிவிட்ட அந்தப் படி இதில் வராது! அதற்குப் பொதுப் பொறுப்பு பாலிசி தனி. அறைக்கும் சாமானுக்கும், சிறு தொழில்களுக்கான தீ விபத்து பாலிசியான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா எடுத்தேன். நிலச்சரிவு, புயல், மரம் விழுவது எல்லாம் அதற்குள்ளேயே வருகின்றன. 2009 நவம்பர் நிலச்சரிவின்போது நீலகிரியில் இருந்தவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. வெறும் திருட்டு மட்டும் வராது.

2025 செப்டம்பரில் தனிநபர் மெடிக்கிளைமுக்கு ஜிஎஸ்டி போய்விட்டதே என்று ஆசைப்பட்டேன். தொழில் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது.

புரோக்கருக்கு 5-க்கு 4. முதலில் வந்த பாலிசியில் மோக்ஸாவை 'மோக்கா' என்று அடித்திருந்தார்கள். நான் காபிக் கடை வைக்கவில்லை என்று இரண்டு முறை போன் செய்த பிறகுதான் திருத்திக் கொடுத்தார்கள்.