‘இன்டர்ஸ்டெல்லர்’ கிளைமாக்ஸ்: கடிகாரம் வரை கனகச்சிதம், மருத்துவமனையில் சறுக்கல்

கிறிஸ்டோபர் நோலனின் ‘இன்டர்ஸ்டெல்லர்’ 2014-இல் வந்தது. ஓடும் நேரம் 169 நிமிடம். அதில் கடைசி அரை மணி நேரத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் படத்தை ரசித்தவர்கள்கூட அங்கே வந்துதான் முகம் சுளிக்கிறார்கள். படம் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முடிவு முழுவதும் கீழே உடைபடுகிறது.

முதல் புகார் எப்போதும் ஒன்றுதான்: கருந்துளைக்குள் விழுந்த நாயகன் கூப்பர் எப்படி உயிரோடு இருக்கிறான்? இந்தப் புகாரில் பாதிக்கு நல்ல பதில் உண்டு. படத்தின் அறிவியல் ஆலோசகர் கிப் தோர்ன், 2017-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். கார்கன்டுவா என்ற அந்தக் கருந்துளைக்கு அவர் வைத்த நிறை, சூரியனைப்போல் 10 கோடி மடங்கு. கருந்துளை சிறியதாக இருந்தால் தலைக்கும் காலுக்கும் இடையிலான ஈர்ப்பு வேறுபாடே ஆளை நூலாக இழுத்துவிடும். இவ்வளவு பெரிய கருந்துளையின் விளிம்பில் அந்த வேறுபாடு மிகக் குறைவு, அதனால் எல்லையைத் தாண்டும்போது உடல் சிதையத் தேவையில்லை. அதற்குப் பிறகு வரும் டெஸராக்ட், அதாவது கூப்பரின் மகள் மர்ஃபின் அறையை எல்லாக் காலத்திலும் ஒரே நேரத்தில் காட்டும் அந்தக் கூண்டு, முழுக்கக் கற்பனை. எதிர்கால மனிதர்கள் கட்டிவைத்தது என்று படமே சொல்லிவிடுகிறது. அந்த மனிதர்கள் பிழைத்ததே கூப்பர் அனுப்பிய தகவலால் என்றால் முதலில் வந்தது எது? இந்த வட்டத்துக்குத் தொடக்கம் கிடையாது. ஆனால் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகள், கடந்த காலத்துக்கே திரும்பி வரும் இப்படிப்பட்ட மூடிய காலப்பாதைகளை முற்றாக மறுப்பதில்லை. கதைக்குள்ளும் வட்டம் எங்கும் அறுபடவில்லை. நடந்தது எதுவும் மாறுவதில்லை.

மாறாததுதான் இந்தக் கிளைமாக்ஸின் உயிர். உள்ளே விழுந்ததும் கூப்பர் உலகத்தைக் காப்பாற்ற நினைப்பதில்லை. புத்தகங்களைத் தள்ளி, ‘போகாதே’ என்று மோர்ஸ் குறியீட்டில் தனக்கே சொல்லப் பார்க்கிறான். மர்ஃப் அதைச் சரியாகப் படித்துச் சொன்னதும், அவன் காதில் வாங்காமல் கிளம்பியதும் படத்தின் முற்பகுதியில் நாம் பார்த்ததுதான். இப்போது அலமாரியின் மறுபக்கம் நின்று, தான் கதவைச் சாத்திவிட்டுப் போவதைத் தானே பார்க்கிறான். எவ்வளவு கத்தினாலும் கேட்காது. அறிவியலில் ஆயிரம் ஓட்டை கண்டுபிடிப்பவரும் இந்த இடத்தில் வாயடைத்துப் போவார்.

அடுத்தது கடிகாரம். கிளம்பும்போது மகளுக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்து, ‘திரும்பி வந்ததும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்ப்போம்’ என்று சொல்லியிருப்பான். மகள் கோபத்தில் வீசிவிட்ட அது, பல வருடம் அலமாரியிலேயே கிடக்கிறது. வளர்ந்த மர்ஃப் அதை எடுத்துப் பார்க்கும்போது விநாடி முள் நகராமல் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் துடிக்கும். ஒரு துடிப்பு குறுகியது, ஒன்று நீண்டது. டார்ஸ் ரோபோ கருந்துளைக்குள் திரட்டிய தரவு அந்த முள் வழியாக வருகிறது. புத்தகமோ தூசியோ போதாதா, கடிகாரம் எதற்கு? அப்பா கொடுத்தது என்பதற்காக அவள் ஒருநாள் தேடி வருவாள் என்று கூப்பர் நம்புகிறான். அந்த நம்பிக்கையில்தான் மொத்தத் திட்டமும் நிற்கிறது. இவ்வளவு தரவை ஒரு முள்ளின் துடிப்பில் அனுப்ப எத்தனை காலம் பிடிக்கும் என்பதைப் படம் காட்டாமல் தாண்டிவிடுகிறது. உறுத்தல்தான், ஆனால் சிறிய உறுத்தல்.

பெரிய உறுத்தல், வசனம். டெஸராக்டுக்குள் கூப்பரும் டார்ஸும் நடப்பதை ஒன்றுவிடாமல் வாயால் விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். விநாடி முள் துடிப்பதைக் காட்டினாலே போதும் என்ற இடத்திலும் பேச்சு நிற்பதில்லை. இன்னொரு பக்கம், கேட்டே ஆகவேண்டிய வசனம் கேட்பதில்லை. மரணப் படுக்கையில், இந்தப் பயணத்தைத் திட்டமிட்ட பேராசிரியர் பிராண்ட், பூமியில் இருப்பவர்களைக் காப்பாற்றும் முதல் திட்டம் பொய் என்று முனகலாகச் சொல்கிறார். ஒலிக்கலவையில் அது பலருக்கும் புரியாமலே போய்விடுகிறது. அதைத் தவறவிட்டால், கருந்துளைக்குள்ளிருந்து வரும் தரவு ஏன் உயிர்நாடி என்பதே விளங்காது. சப்டைட்டில் போட்டுப் பாருங்கள், கிளைமாக்ஸ் பாதி தெளிந்துவிடும்.

உண்மையான சறுக்கல் சனிக்கோளின் அருகே, கூப்பர் விண்வெளி நிலையத்தின் மருத்துவமனையில். மூன்று மணி நேரம் ‘திரும்பி வருவேன்’ என்ற ஒற்றைச் சொல்லைக் கட்டிக்கொண்டு வந்த படம், அந்தச் சொல் நிறைவேறும் சந்திப்பை இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்துவிடுகிறது. முதியவளான மர்ஃபின் கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் கூப்பரின் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும். யாரும் அவனிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை, அவனும் அவர்களை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மகன் டாம் என்ன ஆனான் என்று அவன் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. மர்ஃபாக வரும் எலென் பர்ஸ்டினின் முகம் இந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்துகிறது. பிள்ளை சாவதைப் பெற்றவர் பார்க்கக் கூடாது என்று அவர் சொல்லி அனுப்புவது நியாயமான காரணமும்கூட. ஆனால் இன்னும் ஐந்து நிமிடம் அங்கே தங்கியிருந்தால், வெளியே வருபவர்களுக்கு ஏதோ பறிகொடுத்த உணர்வு இருந்திருக்காது. டெஸராக்டின் விளக்க வசனங்களை வெட்டியிருந்தாலே அந்த நேரத்தில் ஒரு பகுதி கிடைத்திருக்கும்.

மர்ஃப் கிழவியாகிவிட்டாள், கூப்பரோடு பயணித்த அமெலியா மட்டும் எப்படி இளமையாக இருக்கிறாள் என்று கேட்பவர்கள் உண்டு. கருந்துளைக்கு அருகே காலம் மெதுவாக ஓடும் என்பதால், கார்கன்டுவாவைச் சுற்றிக் கப்பல் வீசியெறியப்பட்ட அந்த ஒரே சுற்றில் பூமியில் 51 வருடம் போய்விடுகிறது. அமெலியாவும் அதே கப்பலில்தான் இருந்தாள், அவளுக்கு அது சொற்ப நேரம். அதனால்தான் அவளைத் தேடிக் கூப்பர் கிளம்பும் வேளையில் அவள், முன்பே அனுப்பப்பட்ட விஞ்ஞானி எட்மண்ட்ஸின் கிரகத்தில் அப்போதுதான் கூடாரம் போட்டிருக்கிறாள். எட்மண்ட்ஸைப் புதைத்த இடத்தருகே ஹெல்மெட்டைக் கழற்றுகிறாள், அங்கே மூச்சுவிட முடிகிறது. பூமியில் எல்லார் மூச்சையும் அடைத்த தூசியை முதல் காட்சியிலிருந்து பார்த்து வந்தவர்களுக்கு, அந்த ஒரு அசைவில், புதுக் கிரகத்தில் மனித இனத்தைத் தொடங்கும் இரண்டாம் திட்டம் பலித்தது என்று புரிந்துவிடும். அங்கே ஒரு விளக்க வசனமும் இல்லை.